முதல் எண்ணில் எடுத்த வீரர் ஸ்டார் ஆவாரா?

2007ஆம் ஆண்டு, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் அணிகள் இளம் வீரர்களை வரிசையாக எடுக்கும் டிராஃப்டுக்கு முன்னால், தேர்வுக்கு வந்த இளம் வீரர்களுக்கு வழக்கமான உடல் சோதனை நடந்தது. மல்லாந்து படுத்துக்கொண்டு 84 கிலோ எடையை எத்தனை தடவை தூக்க முடிகிறது என்பதும் அதில் ஒரு பரீட்சை. கெவின் டுரான்ட் என்ற ஒல்லிப்பிச்சான் பையனால் ஒரு தடவைகூடத் தூக்க முடியவில்லை. முதலில் எடுக்கும் உரிமை வைத்திருந்த போர்ட்லாண்ட் அணி கிரெக் ஓடன் என்ற ஏழடி உயர சென்டரை, அதாவது கூடையருகே ஆடுபவரை, எடுத்தது. டுரான்ட் இரண்டாவதாகப் போனார்.

அப்புறம் நடந்தது இது. முதல் சீசன் தொடங்குவதற்குள் ஓடனுக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை. அந்த சீசன் முழுவதும் ஆடவில்லை. பிறகும் அடி மேல் அடி. என்பிஏவில் ஒரு சீசனுக்கே 82 ஆட்டங்கள் உண்டு. ஓடன் தன் வாழ்நாளில் ஆடியது மொத்தம் 105. எடை தூக்க முடியாத டுரான்ட் 2014இல் லீக்கின் சிறந்த வீரருக்கான எம்விபி விருது வாங்கினார். பிறகு கோல்டன் ஸ்டேட் அணியோடு இரண்டு முறை கோப்பையும் வென்றார்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, 'டிராஃப்ட் எண்ணெல்லாம் சும்மா' என்று கைகழுவுவது எளிது. அது சரியில்லை. எண்ணுக்கு அர்த்தம் உண்டு, ஆனால் நாம் நினைக்கும் அர்த்தம் வேறு. புதிதாக என்பிஏ பார்க்கத் தொடங்கியவர்களுக்காக அடியிலிருந்து சொல்கிறேன்.

டிராஃப்ட் என்றால் என்ன?

ஐபிஎல் ஏலத்தில் கையில் காசு இருக்கும் அணி வேண்டிய ஆளுக்கு விலை ஏற்றிக்கொண்டே போகலாம். டிராஃப்டில் காசுப் போட்டி கிடையாது. எல்லாம் வரிசைதான். 30 அணிகள், இரண்டு சுற்று, ஏறக்குறைய 60 இளைஞர்கள். உங்கள் முறை வரும்போது மிச்சம் இருப்பவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். முதல் சுற்றில் எடுக்கப்படுபவருக்கு எத்தனையாவது எண்ணோ அதற்கேற்ற சம்பளம் அட்டவணையிலேயே இருக்கிறது. முதல் இரண்டு வருடச் சம்பளம் உறுதி. மூன்றாவது, நான்காவது வருடங்கள் வேண்டுமா என்பதை அணிதான் தீர்மானிக்கும்.

யாருக்கு முதல் முறை? முந்தைய சீசனில் மோசமாகத் தோற்றவர்களுக்கு. பலவீனமான அணி தலைதூக்கட்டும் என்பது எண்ணம். ஆனால் தோற்றால் பரிசு என்று வைத்தால் சிலர் வேண்டுமென்றே தோற்பார்கள் இல்லையா? அதற்காக 1985இல் லாட்டரி கொண்டுவந்தார்கள். இன்றைய லாட்டரி பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஒரு கூண்டில் 14 பிங்பாங் பந்துகள், அதில் நான்கை எடுப்பார்கள். அப்படி 1001 சேர்க்கைகள் சாத்தியம். ஒன்றைத் தள்ளிவிட்டு, மீதி 1000 சேர்க்கைகளை பிளேஆஃபுக்குப் போகாத 14 அணிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். 2019இல் மாற்றிய விதிப்படி, கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 140. அதாவது 14 சதவீத வாய்ப்பு. 2025இல் டல்லாஸ் அணியிடம் இருந்தது வெறும் 18 சேர்க்கை, 1.8 சதவீதம். அதுவே விழுந்தது. கூப்பர் ஃப்ளாக் டல்லாஸுக்குப் போனார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த வருடத்தின் சிறந்த இளைஞர் பெரும்பாலும் லீக்கின் மோசமான அணிகளில் ஒன்றுக்குத்தான் போகிறார். எங்கே போவது என்று அவரை யாரும் கேட்பதில்லை. பழைய காலத்துக் கல்யாணம் மாதிரி. பெண்ணுக்கு எத்தனை நல்ல ஜாதகம் இருந்தாலும், புகுந்த வீடு எப்படிப்பட்டது என்பது அந்த ஜாதகத்தில் எழுதியிருக்காது. டிராஃப்ட் எண்ணும் அப்படித்தான். வீரரைப் பற்றி ஏதோ சொல்கிறது, வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

சரி, எண்ணிப் பார்ப்போம்

ஸ்டார் என்ற சொல்லுக்கு ஒரு அளவுகோல் வேண்டும். என்னுடைய அளவுகோல்: எதிரணி கோச் முந்தின நாள் இரவு யாரை நினைத்துத் தூக்கம் கெடுகிறாரோ அவர்தான் ஸ்டார். ஆனால் கோச்சின் தூக்கத்தை எண்ண முடியாது. அதனால் 'லீக்கின் சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் வருடாந்தர ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு ஒரு தடவையாவது தேர்வானவர்' என்று வைத்துக்கொள்வோம். 2000 முதல் 2020 வரை நடந்த 21 டிராஃப்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து எண்ணினேன்.

முதல் எண்ணில் எடுக்கப்பட்ட 21 பேரில் 14 பேர் ஆல் ஸ்டார் ஆனார்கள். மூன்றில் இரண்டு பங்கு. ஆகாதவர்கள் குவாமே பிரவுன், ஆண்ட்ரூ போகட், ஆண்ட்ரியா பர்னானி, ஓடன், ஆன்டனி பென்னட், மார்க்கெல் ஃபுல்ட்ஸ், டியாண்ட்ரே எய்டன். இதில் போகட்டும் எய்டனும் மோசமான வீரர்கள் இல்லை, ஸ்டார் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் எண்ணுக்கு வந்தால் 21 பேரில் 7 பேர். பாதியாகச் சரிகிறது. மூன்றாம் எண்ணில் இன்னும் குறையும் என்றுதானே நினைப்போம்? 11 பேர்! கார்மெலோ ஆன்டனி, ஜேம்ஸ் ஹார்டன், ஜோயல் எம்பீட், ஜேசன் டேட்டம், லூகா டோன்சிச் எல்லாரும் மூன்றாம் எண்காரர்கள். இரண்டாம் எண்ணுக்கு ஏதாவது சாபமா என்று கேட்டால், இல்லை. 21 என்பது சின்ன எண்ணிக்கை. ஒரு விபத்து, ஒரு முழங்கால் எல்லாம் கணக்கை அசைத்துவிடும். 2002இல் இரண்டாவதாக எடுக்கப்பட்ட ஜே வில்லியம்ஸ் ஒரே ஒரு சீசன் ஆடினார். மோட்டார் சைக்கிள் விபத்து அவருடைய என்பிஏ வாழ்க்கையையே முடித்துவிட்டது.

ஆனால் ஒரு படி மேலே போய்ப் பார்த்தால் படம் மாறுகிறது. அந்த 21 முதல் எண்காரர்களில் எம்விபி விருது வாங்கியவர்கள் இரண்டே பேர்: லெப்ரான் ஜேம்ஸ், டெரிக் ரோஸ். 2014 முதல் 2025 வரை பன்னிரண்டு சீசன்களில் முதல் எண்ணில் எடுக்கப்பட்ட ஒருவர்கூட எம்விபி ஆகவில்லை. ஸ்டெஃபன் கரி ஏழாவது. ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர் பதினொன்றாவது. யானிஸ் அன்டெடோகும்போ பதினைந்தாவது. மூன்று தடவை எம்விபி ஆன நிகோலா யோகிச் 41ஆவது. 2014இல் யோகிச்சின் பெயர் வந்த நேரத்தில் டிவியில் துரித உணவு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் திரையின் அடியில் ஒரு வரியாகப் போனது.

முதல் எண்காரர் ஒரு ஆல் ஸ்டார் ஆவார் என்று பந்தயம் கட்டலாம். லீக்கையே ஆளுவார் என்று கட்ட வேண்டாம்.

ஏன் இத்தனை தப்பு நடக்கிறது?

முக்கியக் காரணம் வயது. 2006 டிராஃப்ட் முதல் உள்ள விதி: அந்த வருடத்துக்குள் 19 வயது ஆகியிருக்க வேண்டும், அமெரிக்க மாணவர் என்றால் பள்ளி முடித்து ஒரு வருடம் போயிருக்க வேண்டும். அதனால் நிறைய பேர் ஒரே ஒரு வருடம் கல்லூரியில் ஆடிவிட்டு வருகிறார்கள். முப்பத்துச் சொச்சம் ஆட்டங்களை வைத்து ஒரு பையனின் அடுத்த பத்து வருடத்தை எழுதவேண்டும். 2020இல் இரண்டாவதாக எடுக்கப்பட்ட ஜேம்ஸ் வைஸ்மன் கல்லூரியில் ஆடியது மூன்றே மூன்று ஆட்டங்கள்.

இன்னொன்று, உயரத்தின் மேல் உள்ள மயக்கம். 2009இல் மெம்ஃபிஸ் அணி இரண்டாவதாக ஹஷீம் தபீட் என்ற ஏழடி மூன்றங்குல வீரரை எடுத்தது. அடுத்து ஹார்டன், கொஞ்சம் தள்ளி ஏழாவதாக கரி. உயரத்தைச் சொல்லித்தர முடியாது என்று கூடைப்பந்துக்காரர்கள் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் கால் வேகத்தையும் சொல்லித்தர முடியாதே! நேர்மாறான தப்பும் உண்டு. டோன்சிச் 19 வயதில், ஐரோப்பாவின் பெரிய கூடைப்பந்துப் போட்டியான யூரோலீக்கின் சிறந்த வீரர் விருதோடு, முழு வளர்ந்த ஆண்களோடு மோதி ஜெயித்துவிட்டு வந்தார். அதைவிட நல்ல சான்றிதழ் எது? இருந்தும் இரண்டு அணிகள் அவரைத் தாண்டிப்போயின.

எண்களையும் சரியான இடத்தில் பார்க்க வேண்டும். 2017இன் முதல் எண் ஃபுல்ட்ஸ். கல்லூரியில், தூரத்திலிருந்து வீசும் மூன்று புள்ளி வீச்சில் அவருக்கு நூற்றுக்கு 41 விழுந்தது, பிரமாதம். ஆனால் ஃப்ரீ த்ரோ நூற்றுக்கு 65தான். ஃப்ரீ த்ரோ என்பது யாரும் மறிக்காமல், நின்று நிதானமாக, எப்போதும் ஒரே தூரத்திலிருந்து வீசுவது. கை உண்மையிலேயே நல்ல கையா என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள். ஃபுல்ட்ஸின் வீச்சு முதல் சீசனிலேயே குலைந்துபோனது. 2018 கடைசியில் தோள்பட்டைப் பகுதியில் நரம்பு அழுந்தும் கோளாறு என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆக எல்லாப் பழியையும் அந்த 65 மேல் போடக் கூடாது. ஆனாலும் அது அங்கேயே இருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை.

ஒரே வருடம், இரண்டு வீடு

2013ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கிளீவ்லாண்ட் அணி முதல் எண்ணில் ஆன்டனி பென்னட்டை எடுத்தது. பதினைந்தாவதாக மில்வாக்கி எடுத்தது யானிஸை. கிரீஸ் நாட்டின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த 18 வயதுப் பையன்.

முதல் சீசன் முடிந்தபோது பென்னட்டின் சராசரி ஆட்டத்துக்கு 4.2 புள்ளி. யானிஸுக்கு 6.8. அன்றைக்கு இந்த இரண்டு எண்களைக் காட்டி 'இதில் ஒருவர்தான் எதிர்காலத்தை ஆளப்போகிறார்' என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. மில்வாக்கி அந்த சீசனில் 15 ஆட்டம் ஜெயித்து 67 தோற்றது. படுமோசமான அணி. அதனாலேயே யாருக்கும் அவசரம் இல்லை. யானிஸை 77 ஆட்டங்களில், ஆட்டத்துக்குச் சுமார் 25 நிமிடம் ஆடவிட்டார்கள். தப்பு செய்தால் செய்யட்டும் என்று விட்டார்கள். பென்னட் தோள்பட்டை அறுவை சிகிச்சை முடிந்து, உடம்பு தயாராகாமலே வந்தார். 52 ஆட்டங்கள், சராசரி 13 நிமிடத்துக்கும் குறைவு. கூடையருகே சண்டை போடும் அளவுக்கு உயரம் இல்லை, வெளியே ஓடுபவர்களைத் துரத்தும் அளவுக்கு வேகம் இல்லை. இரண்டும் கெட்டான் நிலை. அதையும் சொல்லத்தான் வேண்டும், வீட்டின் மேல் மட்டும் குற்றம் இல்லை. அடுத்த வருடமே மினசோட்டாவுக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு டொரொண்டோ, பிறகு புரூக்ளின். நான்கு சீசன், நான்கு ஊர், அத்தோடு என்பிஏ முடிந்தது.

யானிஸின் சராசரியை வருடவாரியாகப் பாருங்கள்: 6.8, 12.7, 16.9, 22.9, 26.9. படிக்கட்டு மாதிரி. நடுவில் கோச் ஜேசன் கிட் பந்தை அவர் கையில் கொடுத்து, இத்தனை உயரமானவரை, வழக்கமாகக் குட்டையானவர்கள் ஆடும் கார்டு இடத்தில் நின்று ஆட்டத்தை நடத்தச் சொன்னார். 2019, 2020 இரண்டு வருடமும் எம்விபி. 2021 இறுதிப்போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் 50 புள்ளி. ஃப்ரீ த்ரோ வீச அதிக நேரம் எடுக்கிறார் என்று எதிரணி ரசிகர்கள் நொடிகளைச் சத்தமாக எண்ணிக் கேலி செய்த மனிதர், அந்த இரவில் 19 ஃப்ரீ த்ரோவில் 17ஐப் போட்டார்.

நான் ஒரு இளைஞரைப் பார்க்கும்போது முதல் வருடப் புள்ளிகளை அதிகம் மதிப்பதில்லை. இரண்டாம் வருடம் முதலாம் வருடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்றுதான் பார்ப்பேன். நேற்று செய்யத் தெரியாத எதை இன்று செய்கிறார்? கவாய் லெனர்டின் மூன்று புள்ளி வீச்சு கல்லூரியில் நாலுக்கு ஒன்றுதான் விழுந்தது. சான் அன்டோனியோவில் வீச்சைச் சொல்லித்தருவதற்கென்றே சிப் எங்கலண்ட் என்ற கோச் இருந்தார். முதல் சீசனிலேயே லெனர்டின் வீச்சு நூற்றுக்கு 37.6 ஆனது. தோற்கும் அணியில் 20 புள்ளி போடுவது ஒன்றும் அதிசயமில்லை, யாராவது ஒருவர் போட்டுத்தானே ஆகவேண்டும். ஜூலை மாதம் லாஸ் வேகஸில் நடக்கும் கோடைக்கால லீக்கைப் பார்த்து முடிவுகட்டுவது அதைவிட மோசம். அங்கே எதிரே நிற்பவர்களில் பாதிப்பேர் என்பிஏவில் இருக்கவே மாட்டார்கள்.

நல்ல வீடும் சில சமயம் ஆகாது

மோசமான அணிக்குப் போவதுதான் ஆபத்து என்று நினைத்தால், டார்கோ மிலிசிச்சைப் பாருங்கள். 2003இல் லெப்ரானுக்கு அடுத்து இரண்டாவதாக அவரை எடுத்தது டெட்ராய்ட். ஜெயிக்கும் அணிக்கு எப்படி இரண்டாம் எண் கிடைத்தது? பல வருடத்துக்கு முன் செய்த ஒரு வீரர் பரிமாற்றத்தில் மெம்ஃபிஸின் எண் இவர்கள் கைக்கு வந்திருந்தது. டெட்ராய்ட் அந்த சீசனில் கோப்பையே வென்றது. கோப்பைக்காக ஆடும் கோச் 18 வயதுப் பையனுக்குப் பாடம் நடத்த நேரம் ஒதுக்குவாரா? 34 ஆட்டம், சராசரி 1.4 புள்ளி. அவருக்குப் பின்னால் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவதாகப் போனவர்கள் ஆன்டனி, கிறிஸ் பாஷ், டுவேன் வேட். வைஸ்மனுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். கரி அடிபட்ட ஒரே ஒரு மோசமான சீசனால் கோல்டன் ஸ்டேட்டுக்கு இரண்டாம் எண் கிடைத்தது. கரி திரும்பியதும் அவர்களுக்கு மறுபடி கோப்பை வேண்டும். 2022இல் வென்றும் விட்டார்கள். வைஸ்மன் முழங்கால் காயத்தால் அந்த சீசன் முழுக்க ஆடவே இல்லை. 2023இல் அவரை மாற்றிவிட்டார்கள்.

அப்படியானால் உயர்ந்த எண் உண்மையில் எதைத்தான் வாங்கித் தருகிறது? பொறுமையை. முதல் எண்ணில் எடுத்த ஒருவரைச் சீக்கிரம் கைவிட்டால், எடுத்த மேலாளரின் நாற்காலியே ஆடும். அதனால் மேலும் மேலும் வாய்ப்பு கொடுப்பார்கள். கடைசி எண்காரர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. 2015இல் டல்லாஸ் 52ஆவதாக எடுத்த சத்னம் சிங், என்பிஏ டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர். பஞ்சாப் கிராமத்துப் பையன் என்று இங்கே எல்லாப் பத்திரிகையிலும் செய்தி வந்தது. என்பிஏ சீசன் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை.

டெட்ராய்டில் ஒரு டிசம்பர் இரவு

பொறுமை என்பது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று காட்ட எனக்குப் பிடித்த ஆள் கேய்டு கன்னிங்ஹாம். 2021இன் முதல் எண், டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். முதல் சீசன் சராசரி 17.4 புள்ளி, சுமார் ரகம்தான். இரண்டாம் சீசன் 12 ஆட்டத்தோடு கால் எலும்புக்கு அறுவை சிகிச்சை. மூன்றாம் சீசனில்தான் அந்தப் பெயர்போன சரிவு.

2023 டிசம்பர் 26, டெட்ராய்ட், எதிரே புரூக்ளின். பிஸ்டன்ஸ் அதற்குள் தொடர்ச்சியாக 26 ஆட்டம் தோற்றிருந்தார்கள். இன்னொன்று தோற்றால் ஒரே சீசனில் மிக நீளமான தோல்வி வரிசை என்ற லீக் சாதனை அவர்கள் பெயருக்கு வரும். கன்னிங்ஹாம் 41 புள்ளி போட்டார், அதில் 37 இரண்டாம் பாதியில். மறிக்க வந்தவரை ஒதுக்கி உள்ளே போனால் அங்கே இன்னும் இரண்டு பேர் காத்திருப்பார்கள். ஏனென்றால் வெளியே நிற்கும் அவருடைய கூட்டாளிகளில் பயப்படும்படி வீசக்கூடியவர்கள் குறைவு. அவர்களைக் காவல் காக்க வேண்டிய தேவையே இல்லை. பிஸ்டன்ஸ் 118க்கு 112 என்று தோற்றார்கள். அணியை விற்றுத் தொலை என்று உரிமையாளரைப் பார்த்து அரங்கமே கத்தியது. வரிசை 28 வரை போய்த்தான் நின்றது. சீசன் முடிவில் 14 வெற்றி, 68 தோல்வி. கன்னிங்ஹாமின் சராசரி 22.7 புள்ளி. அந்த நேரத்தில் பலர் கேட்டது: தோற்கும் அணியில் புள்ளி சேர்ப்பவர்தானே இவர்?

அந்தக் கோடையில் டெட்ராய்ட் வீட்டைத்தான் மாற்றியது. கோச் போனார், ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் வந்தார். தூரத்திலிருந்து வீசத் தெரிந்த டோபையஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே, மாலிக் பீஸ்லி வந்தார்கள். பீஸ்லி மட்டும் அந்த சீசனில் 319 மூன்று புள்ளி வீச்சுகளைக் கூடையில் போட்டார். அவரை விட்டுவிட்டு உள்ளே கூட்டம் போட்டால் என்ன ஆகும் என்று எதிரணிகளுக்குப் புரிந்தது. கன்னிங்ஹாமுக்கு வழி திறந்தது. சராசரி 26.1 புள்ளி, 9.1 அசிஸ்ட் (கூட்டாளி கூடை போட வழிசெய்யும் பாஸ்), முதல் முறையாக ஆல் ஸ்டார். அணி 44 ஆட்டம் ஜெயித்தது.

2025 ஏப்ரல் 21 இரவு, நியூயார்க்கில் பிளேஆஃபின் இரண்டாம் ஆட்டம். கன்னிங்ஹாம் 33 புள்ளி, 12 ரீபவுண்ட் (தவறிய வீச்சின் பந்தைப் பிடிப்பது), பிஸ்டன்ஸ் 100க்கு 94 என்று வென்றார்கள். டெட்ராய்ட் பிளேஆஃபில் கடைசியாக ஒரு ஆட்டம் ஜெயித்தது 2008இல், அன்றைக்கு கன்னிங்ஹாமுக்கு வயது ஆறு. அந்தத் தொடரை அவர்கள் 4க்கு 2 என்று இழந்தார்கள். ஆனால் ஆறு ஆட்டமும் நியூயார்க் கோச் யாரை நினைத்துத் திட்டம் போட்டார் என்பதில் சந்தேகமே இல்லை.